மிதவை ட்யூப்: வட்டமா, யு-வா, வி-யா?

புதுத்தூண்டில், 12 பிப்ரவரி, காலை 9.10

ஏரியில தூண்டில் போட ஒரு மிதவை ட்யூப் வாங்கப் போறேன். காத்தடிச்சு, அதுல உட்கார்ந்து, காலால தண்ணியை உதைச்சுப் போவாங்களே, பெல்லி போட்னும் சொல்றாங்களே, அதேதான். உயரம் 178 செ.மீ., எடை 92 கிலோ. வட்டமா ஒண்ணு, யு வடிவத்துல ஒண்ணு, வி வடிவத்துல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன். மூணுலயும் தாங்குதிறன் 113 கிலோன்னு போட்டிருக்கு. 92-தானே நான், 21 கிலோ மிச்சம் இருக்கு, அதனால எது மலிவோ அதை எடுத்தாப் போதும்கிறது என் கணக்கு. வட்டம்தான் மலிவு. சரிதானே?

கொக்கு, 12 பிப்ரவரி, காலை 10.02

சரியில்லை. தண்ணீரில் இறங்குவது ஆள் மட்டும் அல்ல. வேடர்ஸும் உள்ளே போடும் துணி அடுக்கும் 3 கிலோ, கால்துடுப்பு 2, லைஃப் ஜாக்கெட் 1, கோல், ரீல், பெட்டி சேர்ந்து 4, தண்ணீரும் சாப்பாடும் 2. ஆக 104. தாங்குதிறன் 113 என்றால் ட்யூப் மூழ்காது, ஆனால் நீங்கள் இடுப்புக்கு மேல் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். எழுதியிருக்கும் எண்ணில் முக்கால் பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. 104-ஐ 0.75-ஆல் வகுத்தால் 139 வருகிறது. 136 போட்ட மாடல் சற்றே போதாது. 159 போட்டது நிம்மதி.

வேடர்ஸ் என்றதும் வில்லும் அம்பும் நினைக்க வேண்டாம். மார்பு வரை வரும் நீர்புகா உடுப்பு.

தக்கை, 12 பிப்ரவரி, காலை 10.40

முக்கால் கணக்கு சரி. ஆனா அந்த எண்ணை நம்புறதைவிட குழாயோட விட்டத்தைப் பாருங்க, டேப் வெச்சு அளந்துடலாம். ஒரு பக்கத்துக் குழாய் 25 செ.மீ. விட்டம், 1.4 மீட்டர் நீளம்னா உள்ள 69 லிட்டர். அதே நீளம், 30 செ.மீ. விட்டம்னா 99 லிட்டர். கூடினது 5 செ.மீ.தான், கொள்ளளவு 44 விழுக்காடு ஏறிடுது. ஒரு லிட்டர் காத்து தண்ணிக்குள்ள அமுங்கினா ஒரு கிலோவைத் தூக்கும். அவ்வளவுதான் இதுல விஞ்ஞானம்.

மீன்கொத்தி, 12 பிப்ரவரி, காலை 11.15

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தண்ணீருக்குள் இருக்கும் காலையும் தொடையையும் தண்ணீரே தாங்கிக்கொள்ளும். ட்யூப் சுமப்பது தண்ணீருக்கு மேலே இருக்கும் உடம்பை மட்டும்தான். தொட்டில் மாதிரி தொங்கும் வலை இருக்கையில் 104 கிலோ உட்கார்ந்தால், இடுப்பு வரை தண்ணீரில் இருப்பதால் ட்யூப்புக்குச் சுமை குறைவு. அதே ஆள் 15 செ.மீ. உயர்ந்த காற்று இருக்கையில் ஏறினால் கிட்டத்தட்ட முழு எடையும் ட்யூப்பின் தலையில். ஆகவே உயர இருக்கை வேண்டுமென்றால் குழாய் தடியாக இருக்க வேண்டும். ஒல்லிக் குழாயும் உயர இருக்கையும் சேர்ந்த மாடல் படத்தில் அழகாக இருக்கும். அலையில் தள்ளாடும்.

புதுத்தூண்டில், 12 பிப்ரவரி, மதியம் 1.30

சரி, 113 வேண்டாம். 159 தாங்குற வட்டம் ஒண்ணு இருக்கு. அதை எடுக்கலாமா?

கொக்கு, 12 பிப்ரவரி, மதியம் 2.05

வட்டத்தில் ஏறுவதை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் மூடியிருக்கிறது. கால்துடுப்பு மாட்டிய காலைத் தூக்கி, இருக்கையின் இரண்டு ஓட்டைகளுக்குள் ஒவ்வொன்றாக விட வேண்டும். அல்லது பாவாடை போல் காலில் இறக்கி இடுப்புக்கு ஏற்ற வேண்டும். பிறகு ட்யூப்பை இரண்டு கையாலும் பிடித்தபடி பின்னால் நடந்து தண்ணீருக்குள் போக வேண்டும். கரை வழுக்குப்பாறையாக இருந்தால் விழுவது இந்தக் கட்டத்தில்தான். வெளியே வருவதும் அதே பாடு, ஆனால் கால் மரத்துப்போன நிலையில்.

கவிழ்ந்தால் இன்னும் மோசம். கால் இரண்டும் இருக்கைப் பட்டைக்குள் மாட்டிக்கொண்டு, தலை கீழே. நல்ல வட்ட மாடல்களில் கவட்டுப் பட்டையில் ஒரே அழுத்தில் கழலும் கொக்கி இருக்கும். அது இல்லாத வட்டத்தைத் தொடவே வேண்டாம்.

யு, வி இரண்டும் முன்பக்கம் திறந்தவை. பின்னால் வைத்து உட்கார வேண்டியதுதான்.

தக்கை, 12 பிப்ரவரி, மாலை 4.20

வட்டத்தை இவ்வளவு திட்ட வேண்டாம். வீசுற காத்து அதை அதிகமாத் தள்ளாது, நாலா பக்கமும் குழாய் இருக்கறதால கை வெச்சு இளைப்பாறலாம், சின்னக் குளத்துக்குப் போதும். லாரி ட்யூப்புக்கு கேன்வாஸ் இருக்கை தெச்சு ஆரம்பிச்ச பொருள்தானே இது. அந்த பியூட்டைல் ரப்பர் முரட்டுச் சரக்கு. பஞ்சர் ஆனா சைக்கிள் சொல்யூஷன் போட்டே ஒட்டிடலாம். இப்ப ட்யூப்புக்குள்ள வர்ற எந்தக் காத்துப்பைக்கும் அந்த வசதி இல்ல.

மீன்கொத்தி, 12 பிப்ரவரி, மாலை 4.31

லாரி ட்யூப்பின் வால்வுத் தண்டு எந்தப் பக்கம் குத்தும் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

கொக்கு, 13 பிப்ரவரி, காலை 8.45

யு-வுக்கும் வி-க்கும் உள்ள வேறுபாடு: இதில் நீங்கள் முதுகு முன்னால் போகும்படி பின்னோக்கித்தான் போவீர்கள். காலை முன்னால் உதைத்தால் ட்யூப் முதுகுப் பக்கமாக நகரும். எனவே தண்ணீரைக் கிழிப்பது முதுகுப்புற முனை. வி-யில் அது கூராக இருக்கிறது, யு-வில் அகலமாக உருண்டிருக்கிறது. வி நேராகப் போகும், களைப்பு குறைவு. யு-வுக்குப் பின்பக்கம் அதிகக் காற்று இருப்பதால் சாய்ந்து உட்காருபவருக்கு நல்லது. கனமான ஆள் வி-யில் நன்றாகச் சாய்ந்தால் பின்முனை அமுங்கும். வாங்குவதற்கு முன் காற்றடித்து உட்கார்ந்து பார்க்க முடிந்தால், முதுகுச் சாய்மானத்துக்குப் பின்னால் எவ்வளவு குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள். 40 செ.மீ.-க்குக் குறைந்தால் உங்கள் எடைக்குப் போதாது.

கொக்கு, 13 பிப்ரவரி, காலை 9.20

மேலே எழுதிய 40 செ.மீ. என் உத்தேசக் கணக்கு, விதி அல்ல. குழாய் தடியாக இருந்தால் 30-உம் போதும். சாமானை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் சேரும். சாய்மானத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பை கொடுத்திருப்பார்கள், எல்லோரும் பெட்டி, பேட்டரி, தண்ணீர் பாட்டில் என்று அதில்தான் திணிப்பார்கள். மிதவை ட்யூப் கவிழ்ந்தால் பெரும்பாலும் பின்னோக்கித்தான் கவிழும். அந்தப் பையில் மழைச்சட்டை மாதிரி லேசானதை மட்டும் வையுங்கள். கனமானது இரண்டு பக்கப் பைகளுக்கும் சமமாகப் போக வேண்டும்.

தக்கை, 13 பிப்ரவரி, காலை 10.00

இன்னும் யாரும் கால்துடுப்பைப் பேசலையே. ட்யூப்ல மிச்சம் பிடிச்சு அதுல போடுங்கன்னுதான் சொல்லுவேன். சுமாரான ட்யூப், நல்ல துடுப்பு: நாள் முழுக்க சுத்தலாம். அருமையான ட்யூப், சொத்தைத் துடுப்பு: ரெண்டு மணி நேரத்துல முழங்கால் கெஞ்சும்.

முக்குளிக்கிறவங்க போடுற நீளத் துடுப்பு வேண்டாம். அது இடுப்புலேர்ந்து உதைக்கறதுக்குச் செஞ்சது. இங்க உட்கார்ந்துக்கிட்டு முழங்காலை மடக்கி நீட்டித்தான் உதைக்கிறோம். நீளத் தகடோட முழுச் சுமையும் முழங்கால் மூட்டுல வரும். குட்டையா, அகலமா, நடுவுல கொஞ்சம் வளையுற மாதிரி இருக்கறதுதான் வேணும்.

மீன்கொத்தி, 13 பிப்ரவரி, காலை 10.12

அளவையும் சொல்லிவிடுங்கள். வேடர்ஸின் நியோபிரீன் (நுரை ரப்பர்) காலுறை 4, 5 மி.மீ. தடிமன். அதோடு கால் நுழைய வேண்டும். மேலே நடைக் காலணியும் போடுவீர்கள் என்றால் பாதப்பை அகலமான மாடலாகத் தேட வேண்டும். வெறுங்காலில் போட்டுப் பார்த்து வாங்கியவர் கரையில் உட்கார்ந்து அழுவார்.

இன்னொன்று: துடுப்பைக் கணுக்காலோடு கட்ட ஒரு சின்ன வார். வார் இல்லாமல் ஏரி நடுவில் ஒரு துடுப்பு கழன்றால் மற்ற காலால் வட்டம் போட்டுக்கொண்டே கரை சேர வேண்டும்.

புதுத்தூண்டில், 13 பிப்ரவரி, மாலை 6.40

மிதக்குற துடுப்பு வாங்கிட்டா வாரே வேண்டாமே?

தக்கை, 13 பிப்ரவரி, இரவு 8.05

மிதக்கும், ஆனா காத்து அதை உங்களைவிட வேகமாக் கொண்டு போயிடும். வார் கட்டுங்க.

மிதக்குற துடுப்புல இன்னொரு சிக்கல் இருக்கு. நியோபிரீன் வேடர்ஸே காலைத் தூக்கும். துடுப்பும் சேர்ந்து தூக்கினா பாதம் மேல வந்துக்கிட்டே இருக்கும், அதை அமுக்கி அமுக்கித் தொடை வலிக்கும். மெல்லிய, காத்து போற துணி வேடர்ஸ்னா மிதக்குறது சரி. நியோபிரீன்னா மெல்ல அமுங்குறது நல்லது.

கொக்கு, 14 பிப்ரவரி, காலை 7.30

காற்றுப்பையைப் பற்றி. மேலுறை, உள்ளே காற்றுப்பை என இரண்டு அடுக்காக வருவது ஒரு வகை. பி.வி.சி.-யை நேரடியாக ஒட்டி, பையே இல்லாமல் ரப்பர் படகு போலச் செய்வது இன்னொரு வகை. முதல் வகை சுமார் 4 முதல் 8 கிலோ, முதுகில் மாட்டி நடக்கலாம். இரண்டாவது வகையில் பெரியவை 12 கிலோவைத் தாண்டும், ஆனால் விறைப்பாக நிற்கும், உயர இருக்கை தாங்கும். ஏரிக்கரை வரை வண்டி போகுமென்றால் இரண்டாவது. அரை மணி நடை என்றால் முதலாவதே.

காற்றுப்பை வினைல் என்றால் மலிவு, குளிரில் விறைத்து மடிப்பில் வெடிக்கும். டி.பி.யூ. (ஒரு வகை பாலியூரத்தேன்) என்றால் லேசு, நீண்ட நாள் வரும். மேலுறை நைலான் என்றால் உரசலுக்கு நல்லது, ஆனால் நனைந்தால் கொஞ்சம் நீளும். பாலியெஸ்டர் நீளாது, வெயிலையும் அதைவிட நன்றாகத் தாங்கும்.

கொக்கு, 14 பிப்ரவரி, காலை 7.52

முக்கியமானதை விட்டுவிட்டேன். எத்தனை அறை? இருக்கை, சாய்மானம், இடக்குழாய், வலக்குழாய் எல்லாம் தனித்தனி வால்வோடு இருக்க வேண்டும். ஒரே பை முழு யு-வையும் சுற்றி வரும் மாடல்கள் உண்டு. அதில் ஒரு ஓட்டை விழுந்தால் மிச்சம் இருப்பது இருக்கை மட்டும்.

புதுத்தூண்டில், 14 பிப்ரவரி, மாலை 5.15

ஓட்டை விழுந்தா வெடிச்சிடுமா? ஏரியில கெளுத்தி இருக்கு, முள்ளு வேற.

மீன்கொத்தி, 14 பிப்ரவரி, மாலை 5.50

பலூன் மாதிரி வெடிக்காது. உள்ளே இருப்பது மிகக் குறைந்த அழுத்தம், பை வைத்த மாடல்களில் 1 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) சுற்றுவட்டாரம். முள் குத்திய ஓட்டையில் காற்று மெல்லக் கசியும், கரைக்கு வர நேரம் இருக்கும். ஆனால் வந்தே ஆக வேண்டும், "இன்னும் ஒரு வீச்சு" என்று நிற்கக்கூடாது.

கெளுத்தியை மடியில் போடாதீர்கள். முதுகு முள் ஒன்று, பக்க முள் இரண்டு. மூன்றும் விறைத்து நிற்கும்போது குழாயையும் குத்தும், தொடையையும் குத்தும். கைவலையில் வைத்தபடியே, குழாய்க்கு வெளியே, நீண்ட மூக்குக் குறடால் தூண்டிலைக் கழற்றி அப்படியே விடுங்கள் அல்லது கோர்வையில் மாட்டுங்கள். மும்முனைத் தூண்டில் போட்ட போலி இரை என்றால் பின்பக்க மொட்டை நசுக்கிவிடுங்கள்.

மீன்கொத்தி, 14 பிப்ரவரி, மாலை 5.58

பின்பக்க மொட்டு என்று எழுதிவிட்டேன். எதிர்முள், தூண்டில் நுனிக்குக் கீழே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் சிறு முள். அதைக் குறடால் நசுக்க வேண்டும். மொட்டை நசுக்கப் பூந்தோட்டம் போங்கள்.

தக்கை, 15 பிப்ரவரி, காலை 9.30

காத்தடிக்கிறதுல பாதிப் பேர் தப்புப் பண்றாங்க. பையைத் திணிச்சு, ஜிப்பை மூடி, ஒரே மூச்சுல பம்ப் அடிச்சா, உள்ள முறுக்கிக்கிட்டு இருக்கற பை ஒரு இடத்துல மட்டும் உப்பி, அந்த மடிப்புல கிழியும். முறை இது:

ஜிப்பைத் திறந்து பையை நீளவாக்குல பரப்பணும். வால்வு அதோட ஓட்டைக்கு நேரா வரணும், இழுத்துக்கிட்டு இருக்கக்கூடாது. மூணுல ஒரு பங்கு காத்து. கையால தடவி, முனை வரைக்கும் பை போயிருக்கான்னு பார்க்கணும். கூர்முனைதான் காலியா இருக்கும், அங்க விரலை விட்டு இழுத்து விடுங்க. அப்புறம் ஜிப் மூடி, முக்கால் வரை அடிச்சு, ரெண்டு குழாயையும் தரையில தட்டி உருட்டுங்க. கடைசியாத்தான் முழுசா. கட்டை விரலால அழுத்தினா ஒரு செ.மீ. அமுங்கணும். தையல் வாய் பிளந்து உள்பை தெரிஞ்சா அதிகம்.

டயருக்குக் காத்தடிக்கிற கம்ப்ரசரைப் பக்கத்துல கொண்டு வராதீங்க. காத்து கொஞ்சமா, அழுத்தம் பலமா தர்ற இயந்திரம் அது. ரெண்டு பக்கமும் அடிக்கிற கைப்பம்ப் போதும்.

கொக்கு, 15 பிப்ரவரி, காலை 10.10

இதோடு வெயில் கணக்கையும் சேர்க்க வேண்டும். 27 டிகிரி செல்சியஸில் 1 பி.எஸ்.ஐ. அடித்த ட்யூப்பைக் கரையில் வெயிலில் விட்டு, உள்ளே காற்று 57 டிகிரி ஆனால் அழுத்தம் ஏறக்குறைய 2.5 பி.எஸ்.ஐ. ஆகிவிடும். தையலும் ஜிப்பும் போவது இப்படித்தான். கறுப்பு மேலுறை அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும்.

புதுத்தூண்டில், 15 பிப்ரவரி, காலை 10.25

1-லேர்ந்து 2.5-ஆ? சூடு 30 டிகிரிதானே ஏறுது, அழுத்தம் எப்படி ரெண்டரை மடங்கு?

கொக்கு, 15 பிப்ரவரி, காலை 10.48

மீட்டர் காட்டுவது வெளிக்காற்றுக்கு மேல் இருக்கும் மிச்சத்தை மட்டும். உள்ளே உண்மையில் இருப்பது வெளிக்காற்றின் 14.7-உம் அடித்த 1-உம் சேர்ந்து 15.7. கெல்வின் கணக்கில் 300-லிருந்து 330, அதாவது பத்து விழுக்காடு ஏற்றம். 15.7 பத்து விழுக்காடு ஏறினால் 17.27. அதில் 14.7 போக 2.57. துணி கொஞ்சம் இழுபடுவதால் நிஜத்தில் சற்றுக் குறையும்.

திருப்பிப் போட்டுப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் 1 பி.எஸ்.ஐ. அடித்து 15 டிகிரி ஏரியில் போட்டால் மிச்ச அழுத்தம் கிட்டத்தட்ட பூஜ்யம். குழாய் தொளதொளவென்று ஆகும், ஓட்டை என்று பயந்து கரைக்கு ஓடுவார்கள். பாதி காற்றோடு தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு வைத்து, பிறகு மிச்சத்தை அடியுங்கள். கரைக்கு எடுத்தவுடன் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

மலை ஏரிக்கு அடிவாரத்திலேயே காற்றடித்து வண்டிக் கூரையில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்று சுமார் 11.5 பி.எஸ்.ஐ.தான். அடிவாரத்து 1 அங்கே 4-ஐத் தாண்டும்.

மீன்கொத்தி, 15 பிப்ரவரி, மதியம் 12.30

பள்ளிக்கூடத்து வாயு விதி ஒருவழியாகப் பிழைப்புக்கு உதவியது.

வால்வுக்கு வருவோம். பாஸ்டன் வால்வில் இரண்டு திருகு. மேல்மூடியைத் திறந்தால் ஒருவழித் தடுப்பு, காற்றடிக்கலாம், வெளியே வராது. கீழ்த்திருகைத் திறந்தால் மொத்தக் காற்றும் போய்விடும். இரண்டும் ஒரே மாதிரி கையில் சுழலும், அவசரத்தில் கீழ்த்திருகு கழன்றால் முதலிலிருந்து அடிக்க வேண்டியதுதான். தடுப்பு மென்தகட்டில் மணல் ஒட்டினால் கசியும். எச்சில் தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். நடுவில் தண்டு உள்ள அழுத்துவால்வு என்றால், தண்டு மேலே எழும்பியிருந்தால் மூடிய நிலை, அழுத்தித் திருப்பினால் திறந்த நிலை. பம்பை எடுக்கும் முன் தண்டு மேலே இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

புதுத்தூண்டில், 17 பிப்ரவரி, இரவு 9.00

வி வடிவம், 159 தாங்கும், நாலு அறைன்னு முடிவு பண்ணிட்டேன். முதல் நாள் எப்படி இறங்கணும்?

தக்கை, 18 பிப்ரவரி, காலை 6.50

கரையோரம், தண்ணி கணுக்கால் அளவு இருக்கற இடத்துல ட்யூப்பை வையுங்க. அதுல உட்கார்ந்துதான் துடுப்பை மாட்டணும். மாட்டிக்கிட்டு முன்னால நடக்கறவங்கதான் முகங்குப்புற விழுறது. முன்குறுக்குத் தண்டை மாட்டி, மடியில விரிக்கிற வலைத்துணியைக் கொக்கில போடுங்க. எழுந்து, ட்யூப்பை இடுப்போட பிடிச்சு, பின்னால பின்னால நடங்க. முழங்காலுக்கு மேல தண்ணி வந்ததும் உட்காருங்க. அடி சேறா இருந்தா நிக்கவே கூடாது, துடுப்பு உறிஞ்சிப் பிடிச்சிக்கும். சேத்துக் கரைன்னா வேற இடம் தேடுங்க.

திரும்பும்போதும் முதுகுதான் முதல்ல கரைக்கு வரும். குதிகால் தரையைத் தொட்டதும், ட்யூப்பை விடாம, மெல்ல எழுந்திருங்க. உட்கார்ந்தே இருந்த காலு உடனே நிக்காது.

கொக்கு, 18 பிப்ரவரி, காலை 8.15

காற்றைப் பார்த்து இறங்குங்கள். உதைத்துப் போகும் வேகம் மெல்ல நடப்பவரின் பாதிதான். காற்று வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்கு. அலைத் தலையில் அங்கங்கே வெண்ணுரை தெரிந்தால் காற்று மணிக்கு 12 முதல் 19 கி.மீ.-க்குள் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் புதியவர் இறங்கக்கூடாது. உள்ளே இருக்கும்போது அது தெரிந்தால் உடனே திரும்புங்கள்.

போகும்போது காற்றை எதிர்த்துப் போய், களைத்துத் திரும்பும்போது காற்றோடு வர வேண்டும். கரையிலிருந்து ஏரிக்குள் வீசும் காற்றுதான் ஏமாற்றும். இறங்குமிடத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும், அலை எழுவது நடுவில். முதுகை எப்போதும் காற்றுக்குக் காட்டி உட்காருங்கள். அலை முதுகுப்புறக் குழாயில் உடையும், வீச்சும் காற்றோடு போகும்.

மீன்கொத்தி, 18 பிப்ரவரி, காலை 8.40

ஓடும் ஆற்றில் இறங்கவே கூடாது என்பதை யாரும் எழுதவில்லை, நான் எழுதிவிடுகிறேன். கால் இரண்டும் கீழே தொங்குகிறது. முங்கிய மரக்கிளையில் துடுப்பு சிக்கினால் ஓட்டம் ட்யூப்பைத் தள்ளும், ஆள் கீழே அமுங்குவார். நங்கூரம் போட்டாலும் அதே கதை. ஏரியில் மட்டும் 1 முதல் 1.5 கிலோ நங்கூரம் போடலாம், கயிறு ஆழத்தைப் போல் மூன்று மடங்கு, ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சு. கத்தி கைக்கு எட்டும் இடத்தில்.

புதுத்தூண்டில், 18 பிப்ரவரி, மாலை 7.20

வேடர்ஸ்ல தண்ணி புகுந்தா கல்லு மாதிரி கீழ இழுத்துடும்கறாங்களே?

கொக்கு, 18 பிப்ரவரி, இரவு 8.00

இழுக்காது. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை இல்லை. வாளியைக் கிணற்றுக்குள் தூக்கிப் பாருங்கள், நீர்மட்டம் வரை லேசாகத்தான் வரும், மட்டத்துக்கு மேலே வந்ததும் கனக்கும். அதே கதைதான். கரை ஏறும்போதுதான் அந்தத் தண்ணீர் முழுதும் எடையாக வரும், நீந்துவதும் தடுமாறும். இடுப்பு வாரை இறுக்கினால் உள்ளே புகுவது பெருமளவு குறையும். ஆபத்து எடையில் இல்லை, குளிரில். 15 டிகிரிக்குக் கீழே தண்ணீரில் காலை மணிக்கணக்கில் தொங்கவிட்டால் மரத்துப்போய் உதைக்க வராது. பருத்தி உடுப்பு போடாதீர்கள், கம்பளி அல்லது ஃப்ளீஸ். வெதுவெதுப்பான ஏரி என்றால் வேடர்ஸே இல்லாமல் நீளக் கால்சட்டை போதும், அட்டையைப் பொறுத்துக்கொள்பவருக்கு.

லைஃப் ஜாக்கெட்டில் முதுகுப்புற நுரை மெலிந்ததாகப் பாருங்கள். தடித்த நுரை சாய்மானத்தில் முட்டி உங்களை முன்னால் தள்ளும்.

தக்கை, 22 பிப்ரவரி, காலை 9.05

சின்னச் சின்ன சாமான். தண்ணி மட்டத்துல உட்கார்றதால கோல் கொஞ்சம் நீளமா இருக்கட்டும், 2.1 மீட்டருக்குக் குறையாம. இல்லேன்னா பின்வீச்சுல நுனி தண்ணியத் தொடும். கைவலைக்கு குட்டைப் பிடி. விசில் ஒண்ணு கழுத்துல. படகு ஓடுற ஏரின்னா ஆரஞ்சுத் தொப்பி, ஏன்னா படகுல இருக்கறவருக்கு நீங்க ஒரு மிதக்குற பானை மாதிரிதான் தெரிவீங்க. மீன் காட்டும் சோனார் வெச்சா, 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயபேட்டரி 2 கிலோவுக்கு மேல கனக்கும். சோனார் அரை ஆம்பியர் இழுத்தா ஏழு மணி நேரத்துல பேட்டரில பாதி காலி, அதுக்கு மேல இறக்காதீங்க. சென்சரை உதைக்கிற காலுக்குப் பக்கத்துல கட்டினா திரை முழுக்கக் குமிழிதான்.

புதுத்தூண்டில், 9 மார்ச், இரவு 8.30

வாங்கியாச்சு. வலக்குழாய் ராத்திரியோட ராத்திரியா தொளதொளன்னு ஆயிடுது. பையைக் கழட்டி சோப்புத் தண்ணி தடவினேன். வால்வுல ஒண்ணும் இல்ல, பையோட நடுவுல ஊசிமுனை மாதிரி ஒரு இடத்துல குமிழி வரிசையா வருது. கையில சைக்கிள் சொல்யூஷன் இருக்கு. ஒட்டிடலாமா?

தக்கை, 9 மார்ச், இரவு 8.41

வேண்டாம்! அது பியூட்டைல் ரப்பருக்குத்தான்னு மேலயே சொன்னேனே. பையில என்ன எழுதியிருக்கு, வினைலா டி.பி.யூ.-வா?

புதுத்தூண்டில், 9 மார்ச், இரவு 8.55

டி.பி.யூ.

கொக்கு, 9 மார்ச், இரவு 9.20

அப்படியானால் பாலியூரத்தேன் பசை. பி.வி.சி. பசை பிடித்த மாதிரி இருந்து இரண்டு வாரத்தில் உரியும். காற்றை முழுதாக இறக்கி, ஓட்டையைப் பேனாவால் வட்டமிடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் சுற்றிலும் 5 செ.மீ. வரை துடைத்துக் காயவிடுங்கள், பிறகு விரல் படக்கூடாது. ஊசிமுனை ஓட்டைக்கு ஒட்டுத்துண்டு வேண்டாம். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பசையை மெல்லிசாகப் பரப்பி, பை தட்டையாகக் கிடக்கும்படி 24 மணி நேரம் விடுங்கள்.

பசை காயும்போது பையின் உள்பக்கச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, வால்வு வழியாக ஒரே ஒரு மூச்சுக் காற்று விட்டு வையுங்கள்.

கொக்கு, 9 மார்ச், இரவு 9.34

திருத்தம்: அந்த ஒரு மூச்சை உடனே விடாதீர்கள். ஈரப்பசையின் அடியில் காற்று கசிந்து குமிழி விட்டுவிடும். முதல் ஆறு மணி நேரம் காற்றே வேண்டாம், மேல்பரப்பு ஒட்டாமல் ஆன பிறகு விடுங்கள். மேலுறைக்குள் திரும்பப் போடும் முன், குமிழி வந்த இடத்துக்கு நேரே மேலுறையின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே ஒரு மணலோ வெட்டாத நூல்முனையோ தட்டுப்படும்.

புதுத்தூண்டில், 11 மார்ச், காலை 7.15

மணலும் இல்ல, நூலும் இல்ல. ஜிப்போட உலோகக் கடைசிப் பல்லு உள்பக்கமா வளைஞ்சு நிக்குது.

தக்கை, 11 மார்ச், காலை 7.22

குறடால நேராக்கி, மேல ஒரு துண்டு ஒட்டுத்துணி ஒட்டிடுங்க. அடுத்த பக்கத்து ஜிப்பையும் பாருங்க, ஒரே கை தெச்சதுதானே அது.